ஆறு வயதில் நின்ற பேச்சு

தொலைபேசி இணைப்பகத்தில் அவளை எல்லோரும் மூணாம் நம்பர் என்றே கூப்பிட்டார்கள். நீளமான கூடத்தில் வரிசையாகப் பன்னிரண்டு பலகைகள். மூன்றாவது பலகையின் முன்னால் பத்தொன்பது வருடமாக அவள் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்தால் ஒரு கயிற்றின் நுனியைத் துளையில் சொருகி, "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டு, இன்னொரு கயிற்றால் அந்த நம்பரோடு இணைத்துவிட வேண்டும். கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் அவள் கை வழியாகத்தான் போயின. அவளை யாரும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

பணிப் பதிவேட்டில் 'அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்' என்ற இடத்தில் அவள் இணைப்பகத்தின் நம்பரையே எழுதிக் கொடுத்திருந்தாள். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பலகையிலதாம்மா விளக்கு எரியும்."

அவளும் சிரித்து வைத்தாள்.

பக்கத்துப் பலகையில் இருந்த நாலாம் நம்பர் வாய் ஓயாதவள். "பேசுறதுக்குத்தான் உனக்குச் சம்பளமே தர்றாங்க. ஹெட்செட்டைக் கழட்டினா ஊமைக்கோட்டான் மாதிரி ஆயிடறியேடி" என்பாள். மூணாம் நம்பர் குடையை எடுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போவாள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத்துக்கான துணிகளை இஸ்திரி போடுவாள். அதை எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அவள் மலைமேட்டுப் பழங்குடியில் பிறந்தவள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அறை கிடைக்காது. மேட்டு மக்களின் பிள்ளைகளை ஆறு வயதானதும் அரசாங்கமே எடுத்துக்கொண்டு போய் விடுதிப் பள்ளியில் வைத்து வளர்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வேன் வரும். விடுதியில் முடியை ஒட்ட வெட்டி, பழைய பெயரை எடுத்துவிட்டுப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் கொடுப்பார்கள். அங்கே பொதுமொழியில் மட்டும்தான் பேச வேண்டும். மேட்டு மொழியில் ஒரு வார்த்தை தவறி வந்தாலும் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மணியடிக்கும் வரை நிற்க வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அவள் அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். பத்து வயதுக்கு மேல் நிற்க வேண்டிய தேவையே வரவில்லை. படிப்பு முடிந்ததும் விடுதித் தலைமையம்மாதான் தொலைவில் இருந்த இந்த நகரத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். விண்ணப்பத்தில் 'பெற்றோர் இல்லை' என்று தன் கையாலேயே எழுதினார்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது மேட்டில் கலகம் வந்தது.

அந்த வருடம் வேன் போனபோது பல வீடுகளில் பிள்ளைகள் இல்லை. தாய்மார்கள் எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். போலீஸ் வீடு வீடாகப் புகுந்து பதினோரு குழந்தைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை மேட்டிலிருந்து நானூறு பேர் இறங்கி வந்தார்கள். கையில் கம்புகூட இல்லை. அவள் வளர்ந்த அதே விடுதிக்குள் நுழைந்து, ஆசிரியர்களிடம் அவரவர் பெட்டியை எடுத்துக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, உள்ளேயிருந்து கதவைப் பூட்டிக்கொண்டார்கள். பெயர்ப் பதிவேட்டை முற்றத்தில் வைத்து எரித்தார்கள். இருநூறு பிள்ளைகளும் வீட்டுக்கு வர வேண்டும், இனி வேன் மேடேறக் கூடாது என்றார்கள்.

போலீஸ் விடுதியைச் சுற்றி வளைத்தது. ஆனால் தொலைபேசியைத் துண்டிக்கவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டுமே! விடுதியிலிருந்து மேட்டில் இருந்த ஒரே பூத்துக்குப் போகும் பேச்செல்லாம் இந்த இணைப்பகத்தின் வழியாகத்தான் போனது. மறுநாள் ஓர் அதிகாரி வந்து மூன்றாம் பலகையின் பக்கத்தில் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை வைத்தார். அதிகம் பேசாதவள், வேலையில் சுத்தமானவள் என்பதால் மேற்பார்வையாளரே அவளைச் சொல்லியிருந்தார்.

"யாருக்காவது அந்த பாஷை தெரியுமா இங்க?" என்று அதிகாரி கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"அது பாஷையா சார்? தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருக்கும்" என்றாள் நாலாம் நம்பர். எல்லோரும் சிரித்தார்கள். மூணாம் நம்பர் ஹெட்செட்டைச் சரிசெய்து கொண்டாள்.

அந்த மொழி தனக்கு மறந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். முதல் அழைப்பிலேயே அது பொய் என்று தெரிந்தது.

பேசியது பெரும்பாலும் தாய்மார்கள். பூத்தை நடத்தியவள் கணீரென்று பேசும் ஒரு பெண். "தள்ளு, தள்ளு, ஆளுக்கு மூணு நிமிஷம்தான்" என்று வரிசையை மிரட்டிக்கொண்டிருந்தாள். மேட்டில் ஒரு தாய் ரிசீவரை எடுத்ததும் விடுதியில் அவள் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தாய் பேசுவாள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு பொதுமொழியில், "என்ன சொல்றாங்க?" என்று பக்கத்தில் யாரையோ கேட்கும். நாலைந்து வருடமாக விடுதியில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமே நினைவில்லை. ஒரு பையன் பவ்யமாக, "வணக்கம் அம்மா, நான் நலமாக இருக்கிறேன்" என்று பொதுமொழியில் பாடம்போல ஒப்பித்தான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று நிமிடமும் அப்படியே போனது. மூணாம் நம்பர் கயிற்றைப் பிடுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் விடவில்லை. உள்ளே இருந்த பெரியவர்கள் பிள்ளைகளுக்கு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து மறுபடி போனுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு சிறுமி வந்தாள். "என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று தாய் கேட்டாள். அந்த மொழியில் ரொட்டி என்கிற சொல்லைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மாமனார் என்று ஆகிவிடும். சிறுமி நன்றாகவே இழுத்தாள்.

"ரெண்டு மாமனார் தின்னேன்" என்றாள் கம்பீரமாக. "ஒண்ணு கருகியிருந்தது."

தாய் அதை அப்படியே வரிசைக்குத் திருப்பிச் சொன்னாள். நின்ற அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். "எங்க மாமனாரையும் அனுப்பி வைக்கட்டுமா? அவர் கொஞ்சம் கெட்டி!" என்று பூத்துக்காரி கத்தினாள்.

மூணாம் நம்பரும் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்துவதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டது. நாலாம் நம்பர் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. பின்னால் அதிகாரி நின்றிருந்தார்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

அவள் எரிந்த அடுத்த விளக்கைப் பார்த்துக் கயிற்றை எடுத்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவளுடைய பழைய கோப்பு மேசைக்கு வந்துவிட்டது. நாலாம் நம்பர் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மேற்பார்வையாளர், "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அதிகாரி அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"ஒரு குழந்தைக்குக் காது வலியாம் சார். எண்ணெய் காய்ச்சி ஊத்தவான்னு கேக்கறாங்க."

"அது ஏதாவது சங்கேதமா?"

"இல்ல சார். காது வலி."

அதிகாரி குறித்துக்கொண்டார். "அப்புறம் ஒரு ஆள் நீளமாப் பேசினானே, அது?"

"அது புரியல சார்."

"காது வலி புரிஞ்சுது, இது புரியலையா? என் காதுல பூ சுத்தறீங்களா?"

"அவர் பெரியவங்க பேச்சு பேசறார் சார். எனக்கு ஆறு வயசு வரைக்கும்தான் தெரியும்."

அவர் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. பசி, குளிர், கன்றுக்குட்டி, அடி வாங்குவாய், மடியில் வந்து உட்கார் என்பதெல்லாம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. சட்டம், அரசாங்கம், பேச்சுவார்த்தை என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினால், அடுத்த அறையில் நடக்கும் பேச்சைப்போல வெறும் ஓசைதான் வரும். நடுநடுவே ஒரு சொல் புரியும். தனிமை என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல் என்று அன்று அறைக்குப் போனபிறகு யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல்லை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

திங்கட்கிழமை காலை, அந்த வருடம் பிடித்து வந்த பதினோரு குழந்தைகளோடும் அவர்களுடைய தாய்மார்கள் பேசினார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதுகொண்டிருந்ததால் ஒவ்வொருத்தியும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைக்குச் செருப்பு போட்டுக்கொள். பெரிய அண்ணன் கையைப் பிடித்துக்கொள். சமையலறைக்குப் பின்னால் ஓடைவழியாக நடக்க வேண்டும். அழக்கூடாது. அங்கே அம்மா நிற்பேன். எல்லாம் குழந்தைப் பேச்சு. ஒரு சொல்கூட விடாமல் அவளுக்குப் புரிந்தது. சமையலறைக்குப் பின்னால் ஓடை இறங்கும் இடத்தில் புதர் மறைவில் சுவர் உட்கார்ந்து போயிருப்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அங்கே பாத்திரம் தேய்த்தவள்.

"என்ன சொல்றாங்க?"

"செருப்பு போட்டுக்கச் சொல்றாங்க சார்."

"எதுக்கு?"

"தரை குளிருதாம்."

அவள் சொன்ன முதல் பொய் அது.

அரை மணி நேரம் கழித்து அதிகாரி தலைமையகத்தோடு பேச லைன் கேட்டார். அவளே இணைத்துக் கொடுத்தாள். ஆபரேட்டரின் காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அவரும் படவில்லை. கடைசி மேசையில் இருந்த ரிசீவரை எடுத்து, "இன்னைக்கே முடிச்சிடலாம். மதியம் மூணு மணி. கதவை உடைச்சிட்டு உள்ள போறோம். பிள்ளைங்களை வேற விடுதிக்குக் கொண்டுபோக வண்டி ரெடியா இருக்கட்டும்" என்றார்.

இன்று. அவர்களோ நாளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பலகையைப் பார்த்தாள். விடுதியும் பூத்தும் இன்னும் பேசிக்கொண்டிருந்ததற்கு அடையாளமாக விளக்கு எரிந்தது. விசையை ஒரு பக்கம் தள்ளினால் அவர்கள் பேசுவது கேட்கும். மறுபக்கம் தள்ளினால் அவள் குரலும் அவர்களுக்குப் போகும். தள்ளிவிட்டாள்.

தள்ளிய பிறகுதான் போலீஸ் என்பதற்கும், தாக்குதல் என்பதற்கும், மூன்று மணி என்பதற்கும் தன்னிடம் சொல் இல்லை என்று தெரிந்தது. மேட்டுப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது, பிடிப்பவன் வருவதைப் பார்த்துவிட்ட பிள்ளை ஒரு சொல்லைக் கத்தும். அதைக் கேட்டால் ஒளிந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து வீட்டைப் பார்த்து ஓட வேண்டும். விளையாட்டைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் கிடையாது. அவள் அதைக் கத்தினாள். மூன்று தடவை கத்தினாள். பிறகு வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு இல்ல! இன்னைக்கு! இப்பவே வீட்டுக்கு ஓடுங்க! அவன் வர்றான்!"

எதிர்ப் பக்கத்தில் பேச்சு நின்றது. பிறகு பூத்துக்காரியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"யாரு அது? யார் வீட்டுப் பிள்ளை நீ?"

வழி தவறிய எந்தக் குழந்தையையும் அங்கே அப்படித்தான் கேட்பார்கள். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவின் பெயர் அம்மா. வீட்டின் பெயர் வீடு. வேறெதுவும் நினைவில் இல்லை. மேற்பார்வையாளர் ஓடிவந்து கயிறுகளை மொத்தமாகப் பிடுங்கினார்.

மூன்று மணிக்குப் போலீஸ் கதவை உடைத்தபோது உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை; எல்லாரும் ஓடைவழியாகப் போயிருந்தார்கள். பெரியவர்கள் நானூறு பேரும் முற்றத்தில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். அடி விழுந்தது. அறுபது பேரைக் கைது செய்தார்கள். அதில் ஒருவர், தச்சர், காவலில் இறந்துபோனார். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் இன்னும் ஆறு விடுதிகளில் மேட்டு மக்கள் போய் உட்கார்ந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது மாதம் அரசாங்கம் அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கியது. பள்ளியில் பொதுமொழி அப்படியேதான் இருந்தது. ஆனால் வேன் வருவது நின்றது.

அவளைப் பதினொரு நாள் வைத்து விசாரித்தார்கள். ஒலிப்பதிவில் அவள் கத்தியது பதிவாகியிருந்தது. அதற்குப் பொருள் சொல்ல, போலீசுக்கு வேண்டிய மேட்டு ஆள் ஒருவனை அழைத்து வந்தார்கள். அவன் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஏதோ குழந்தை விளையாடுது சார்" என்றான்.

"குழந்தையா? நல்லாக் கேளு."

"குரல் பெரிசா இருக்கு. ஆனா பேச்சு குழந்தைப் பேச்சுதான். ஒளிஞ்சு விளையாடறாங்க."

விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. மேசை டிராயரில் இருந்த சீப்பையும் குடையையும் நாலாம் நம்பர் ஒரு பையில் போட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். "வர்றேன்டி" என்று இவள் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தவள்போல நின்றாள். மூணாம் நம்பர் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது அவள் மேட்டை விட்டு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. பூத்துக்காரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குரல் தெருமுனைவரை கேட்டது. அவள் வந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். வயதைக் கேட்டு, அவள் வேனில் போன வருடத்தின் பெண் பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் மூன்று பேர் என்று கணக்குப் பார்த்துச் சொன்னாள். மூன்று வீட்டுக்கும் கூடவே வந்தாள்.

முதல் வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. இரண்டாவது வீட்டில் தாய் இருந்தாள். அவள் எழுந்து வந்து இவள் காலைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். என் பெண்ணுக்கு இங்கே தீக்காயத் தழும்பு இருக்கும், இது என் பெண் இல்லை என்று சொல்லிவிட்டு, காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு அண்ணன். விறகு வெட்டி விற்பவர். தாய் போன வருடம்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். அவர் பொதுமொழியில் நிதானமாகப் பேசினார்.

"என் தங்கச்சி வேன்காரன் கையைக் கடிச்சிட்டாளாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "ஞாபகம் இல்லைங்க."

"அந்தப் பேராவது ஏதாவது தோணுதா?" என்று தங்கையின் பெயரைச் சொன்னார்.

அவள் காத்திருந்தாள். உள்ளே ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தாள். பெயர் அழகாகத்தான் இருந்தது. வேறொருத்தியின் பெயரைப்போல இருந்தது.

"இல்லைங்க."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். தண்ணி குடிக்கறீங்களா?"

மேட்டில் அவளுக்குச் செய்ய வேலை இல்லை. அடிவாரத்து ஊரில் ஒரு லாட்ஜில் போன் எடுக்கவும் அறைச் சாவி கொடுக்கவும் ஆள் தேடினார்கள். அங்கே சேர்ந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை கொடுத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லாட்ஜ் சமையலறைக்கு விறகு இறக்க அந்த மூன்றாவது வீட்டு அண்ணன் வருவார். மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்பார். "இருக்கேங்க, நீங்க?" என்பாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்பார். மனைவி கொடுத்தனுப்பியதாகச் சில சமயம் ஒரு பை பழம் வைத்துவிட்டுப் போவார். விருந்தாளியிடம் பேசுவதுபோல எல்லாம் பொதுமொழியில்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. நிச்சயம் இல்லாத ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது?

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு எதிர்ச் சாரியிலிருந்து தெருவைக் கடந்தாள். உறையின் மேல் இருந்த முகவரியைப் படித்துக்கொண்டே வந்ததால் லாரியைப் பார்க்கவில்லை. ஹாரன் அலறியது. யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கடிதங்கள் சேற்றில் விழுந்தன.

"கண்ணை எங்க வச்சிருக்க நீ? அறிவிருக்கா உனக்கு? செத்துத் தொலைஞ்சிருப்ப!"

மேட்டு மொழி. ஒரு சொல்கூட விடாமல் அவளுக்குப் புரிந்தது. விறகு வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிவந்த அவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். கை இன்னும் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிறகு அவர் தன் கையைப் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் பொதுமொழியில். "பதட்டத்துல ஏதோ..."

"பரவாயில்லைங்க" என்றாள். திட்டுங்கள், இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. இருவரும் குனிந்து கடிதங்களைப் பொறுக்கினார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

லாட்ஜ் வாசல்வரை கூடவே நடந்து வந்தார். படியில் கால் வைக்கும்போது அவர் எதையோ கேட்க நினைத்து, எப்படிக் கேட்பது என்று தடுமாறுவது தெரிந்தது. கடைசியில் மேட்டு மொழியில், நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் கேட்டார்.

"சாப்பாடு ஆச்சா?"

"இன்னும் ஆகலை" என்றாள் அவளும் அந்த மொழியிலேயே.

அவர் தலையாட்டிவிட்டு, நடுத்தெருவில் நின்ற வண்டியை ஓரங்கட்டப் போனார்.